ஊரில் நேராக நிற்கும் ஒரே கட்டடம்

நிலநடுக்கம் மொத்தம் நாற்பது விநாடி. அதுபாட்டுக்கு வந்தது, ஆட்டியது, போய்விட்டது. அதன் பின்னால் வந்த சேத அளவைத் துறைதான் மூன்று வாரமாக ஊரைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது.

போட்டோக்காரர் வீட்டுக்கு நேர்ந்த சேதம் இவ்வளவுதான். சமையலறையில் இரண்டு பீங்கான் தட்டு உடைந்தது. வாசல் அறையை ஸ்டுடியோவாக வைத்திருந்தார். அங்கே மாட்டியிருந்த ஒரு கல்யாணப் படம் விழுந்து, மாப்பிள்ளை பக்கம் மட்டும் கண்ணாடி விரிசல் விட்டது. சுவரில் ஒரு கீறல் கிடையாது. பக்கத்து வீட்டுக் கொத்தனார் அன்றைக்கே நூலில் கட்டிய தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு நான்கு மூலையையும் பார்த்துவிட்டு, "அண்ணே, சும்மா கம்பு மாதிரி நிக்குது. தைரியமா உள்ள போங்க" என்றார். கொத்தனார் முகத்துக்காகப் பேசுகிற ஆள் இல்லை. தெருக்கோடியில் இருக்கிற மில்காரர் வீடு கொத்தனாரே கட்டியது. அதில் குண்டு விட்டுப் பார்த்து, "இது தேறாது, சட்டிபானையைக் கூட எடுக்காதீங்க, வெளிய வாங்க" என்று மில்காரர் குடும்பத்தையே இழுத்து வெளியே விட்டவர்.

ஆனாலும் போட்டோக்காரர் தன் வீட்டுக்குள் போக முடியவில்லை. வாசலில் சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தது. பச்சைச் சீட்டு என்றால் குடியிருக்கலாம், சிவப்பு என்றால் ஒரு மணி நேரத்தில் வெளியேற வேண்டும், மறுபடி உள்ளே கால் வைத்தால் வழக்கு.

சீட்டை ஒட்டியவர் துறையின் அளவையர். நான்காம் நாள் ஒரு முக்காலியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். முக்காலி மேல் ஒரு கண்ணாடித் தகடு. கண்ணாடியில் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு. அதை வீட்டுக்கு எதிரே நிறுத்தி, ஒரு கண்ணை மூடி, கோட்டையும் சுவரையும் ஒப்பிட்டுப் பார்த்து, "மூணு டிகிரி. இடப்பக்கம்" என்றார்.

"சார், கொத்தனார் குண்டு விட்டுப் பார்த்தாரு. நேரா இருக்குன்னாரே?"

"அந்தக் குண்டு எங்க துறையில பதிவு பண்ணதா?"

"குண்டு... குண்டுதான் சார். நூல்ல கட்டித் தொங்குது."

"அதான் கேக்குறேன். அது நேராத்தான் தொங்குதுன்னு யாரு சான்று குடுத்தா?"

பூமிதான் கொடுத்தது என்று சொல்லலாம் என்று போட்டோக்காரர் நினைத்தார். ஆனால் அந்த வாரம் பூமி நடந்துகொண்ட லட்சணத்துக்கு அதைச் சாட்சிக்குக் கூப்பிடக் கூச்சமாக இருந்தது. அதனால், "அப்ப எதிர் வீடு?" என்று மட்டும் கேட்டார்.

அளவையர் முக்காலியைத் திருப்பி வைத்துப் பார்த்தார். "அதுவும் மூணு. அதுவும் இடப்பக்கம்."

"எங்க வீட்டுக்கு எதிர்ல நின்னு பாத்தா இடப்பக்கம் கிழக்கு. அந்த வீட்டுக்கு எதிர்ல நின்னு பாத்தா இடப்பக்கம் மேற்கு. ஒரே தெருவுல இந்த வரிசை கிழக்காலயும் அந்த வரிசை மேற்காலயும் சாயுமா சார்?"

அளவையர் முகம் மலர்ந்துவிட்டது. "கண்டுபிடிச்சிட்டீங்களே! எங்க டைரக்டர் இதைப் பத்திக் கட்டுரையே எழுதுறாரு. பூகம்பம் தெருவுல ஒரு பக்கமா போயிட்டு, மறுபக்கமா திரும்பி வந்திருக்கு. உலகத்துல எங்கயுமே இப்படி நடந்ததில்லையாம்."

"நடந்திருக்காது சார்" என்றார் போட்டோக்காரர்.

அந்தத் தெருவில் பச்சைச் சீட்டு கிடைத்த வீடு ஒன்றே ஒன்று. அது மில்காரர் வீடு. கொத்தனார் குண்டுக்கு மூன்று டிகிரி வலப்பக்கம் சாய்ந்திருந்த அந்த வீடு, துறையின் கோட்டோடு அச்சாகப் பொருந்தியது. சீட்டு கிடைத்ததும் மில்காரரை முகாமிலிருந்து கிளப்பிவிட்டார்கள். அவர் குடும்பத்தோடு மில் வண்டியில் படுத்துக்கொண்டு, "எனக்குச் சிவப்பு குடுங்க சாமி" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தார்.

மற்றவர்கள் எல்லோரும் பள்ளி மைதானத்துக் கூடாரங்களில் இருந்தார்கள். போட்டோக்காரரின் கூடாரம் ஒழுகியது. அவர் மனைவி ஒழுகும் இடத்தில் ஒரு பக்கெட்டை வைத்து, பக்கெட்டைச் சுற்றிக் குடித்தனம் நடத்தினார். இதுவரைக்கும் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டாம் வாரம் அவர்கள் மகளுக்கு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறோம், பச்சைச் சீட்டோடு வாருங்கள், இல்லாவிட்டால் முகாமுக்குத்தான் அனுப்புவோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

"என்னங்க, வெள்ளிக்கிழமை பிள்ளையை எங்க படுக்க வைக்கிறது? பக்கெட்டுலயா?" என்றார் மனைவி.

இந்தக் கேள்வியோடு போட்டோக்காரர் திங்கட்கிழமை காலையிலேயே துறை அலுவலகத்துக்குப் போனார்.

சேத அளவைத் துறை, இதற்கு முந்தைய நிலநடுக்கம் முடிந்த கையோடு தொடங்கப்பட்டது. அது நடந்து நாற்பது வருடம். இடையில் ஒரு குலுக்கல்கூட வராததால் துறைக்கு மனசே விட்டுப்போயிருந்தது. ஆள் சேர்த்தார்கள், பதவி உயர்வு கொடுத்தார்கள், ஓய்வு பெற்றார்கள்; அளப்பதற்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆகவே இந்த முறை ஆசை தீர அளந்தார்கள். அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அலுவலகப் படியேறி உள்ளே போனதும் போட்டோக்காரருக்குத் தன் இடது கால் திடீரென்று நீளமாகிவிட்டதுபோல் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். தரை வலப்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது. மேசைகளின் ஒரு பக்கத்துக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்திருந்தார்கள். பேனாக்களைக் கட்டிப் போட்டிருந்தார்கள். வேலை செய்கிறவர்கள் எல்லோரும் தலையை இடப்பக்கமாகச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முப்பது வருடமாக ஊராரின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி வைத்தே பழகிய கை போட்டோக்காரருடையது. அதை அவர் பைக்குள் விட்டு அடக்கிக்கொண்டார்.

முதல் மேசையில் மனுவை வாங்கினார்கள். நீளமான மர மேடையில் வைத்து விரலால் ஒரு சுண்டு சுண்டினார்கள். மனு தானாக வழுக்கிக்கொண்டு இரண்டாம் மேசைக்குப் போய், அங்கே ஒரு முத்திரை வாங்கி, மறுபடி வழுக்கிக் கடைசி மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. போட்டோக்காரர் அதன் பின்னாலேயே நடந்தார்.

"பாத்தீங்களா வேகத்தை?" என்றார் கடைசி மேசைக்காரர். "பூகம்பத்துக்கு முன்னாடி ஒரு ஃபைல் அங்கிருந்து இங்க வர ஆறு மாசம். இப்ப ஆறு செகண்டு. நிர்வாகச் சீர்திருத்தம்."

"சார், தப்பா நினைக்காதீங்க. உங்க கட்டடம் சாஞ்சிருக்கு."

அறையில் இருந்த சாய்ந்த தலைகள் எல்லாம் ஒன்றாகத் திரும்பின. கடைசி மேசைக்காரர் கோபப்படவில்லை. விவரம் தெரியாத குழந்தையிடம் பேசுவதுபோல், இழுப்பறையிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்து வாசித்துக் காட்டினார்.

"விதி ஒன்று. இவ்வூரில் எது நேர், எது சாய்வு என்பது துறைத் தலைமைக் கட்டடத்தின் முன்மூலையைக் கொண்டே தீர்மானிக்கப்படும். புரியுதா? இந்தக் கட்டடம் சாயணும்னா விதியைத் திருத்தணும். விதியை யாரும் திருத்தலையே?"

"பூகம்பம் திருத்தியிருக்கலாம் இல்லையா சார்?"

"அதையும் பாத்துட்டோம். பூகம்பம் நின்ன உடனே முதல் வேலையா நாப்பத்திரண்டு கண்ணாடியையும் மூலையோட வச்சுப் பாத்தோம். அத்தனையும் மூணு டிகிரி தப்பாக் காட்டுச்சு! பூகம்பம் கண்ணாடியைத் தாக்கியிருக்கு. எல்லாக் கோட்டையும் அழிச்சு, மூலைக்குத் தக்கபடி ஒரே நாள்ல புதுசாப் போட்டோம். டைரக்டருக்குப் பாராட்டுக் கடிதம் வந்துச்சு. அதோ மாட்டியிருக்கு பாருங்க."

பாராட்டுக் கடிதம் சுவரை விட்டு ஒரு சாண் விலகித் தொங்கிக்கொண்டிருந்தது.

போட்டோக்காரர் டைரக்டரைப் பார்க்கக் கேட்டார். டைரக்டரின் நாற்காலிக்குச் சக்கரம் உண்டு. அது ஜன்னல் பக்கம் உருண்டுவிடாமல் இருக்க எதிர்ச்சுவர்க் கம்பியில் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். அதில் சாய்ந்துகொண்டு அவர் பேசினார்.

"மக்களுக்கு நன்றியே கிடையாதுங்க. நாப்பது வருஷம் நாங்க பொறுமையாக் காத்துக்கிட்டு இருந்தோம். ஒரு நாளாவது புலம்பியிருப்போமா? இன்னிக்கு வாசல் தேடி வந்து அளந்து குடுக்கிறோம். என்ன சொல்றாங்க? 'என் வீடு நல்லாத்தான் இருக்கு'ங்கிறாங்க. வீடு நல்லா இருக்கா இல்லையான்னு வீட்ல இருக்கிறவங்களே சொல்லிட்டா, அப்புறம் நாங்க எதுக்கு? ஊர்ல நாலாயிரத்து நூத்திப் பத்து வீடு. அதுல ஒண்ணு தவிர எல்லாம் சாஞ்சிருக்கு. ஆனா இந்தக் கட்டடத்தைப் பாருங்க. ஒரு துறை எப்படி நிக்கணுமோ அப்படி நிக்குது."

"சார், என் பேத்தி வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரா. அஞ்சு நிமிஷம் வந்து வீட்டைப் பாத்தீங்கன்னா..."

"நான் எப்படி வர முடியும்? வெளிய வந்தாலே எனக்குத் தலை சுத்துது. ஊரு முழுக்கச் சாஞ்சு கிடக்கு. மேல்முறையீடு பண்ணுங்க. வீட்டு முகப்பு முழுசாத் தெரியற மாதிரி ஒரு போட்டோ குடுங்க. கடைசி மேசையில கண்ணாடி வச்சுப் பாப்பாங்க. கோட்டோட பொருந்தினாப் பச்சை, பொருந்தலைன்னாச் சிவப்பு. நான் கையெழுத்துப் போடுவேன். எதையும் படிக்க மாட்டேன். படிச்சாப் பாரபட்சம் வந்துடும் பாருங்க."

போட்டோ என்றதும் போட்டோக்காரருக்குத் தெம்பு வந்தது. அன்று மாலையே வீட்டை எடுத்தார். கொத்தனார் ஜன்னல் வழியாகக் கைவிட்டு வெளியே எடுத்துக் கொடுத்த சின்ன பிரிண்டரில் அச்சிட்டு, செவ்வாய்க்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தார். கடைசி மேசைக்காரர் படத்தின் மேல் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்தார். அதிலும் அதே கோடு. வீட்டைப் பார்க்கவே இல்லை, கோட்டை மட்டும்தான் பார்த்தார். "மூணு டிகிரி, இடப்பக்கம்" என்று சொல்லிப் படத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

போட்டோக்காரர் கூடாரத்துக்கு வந்து, பக்கெட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மழை சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அவமானமாக இருந்தது அவருக்கு. சொந்த வீட்டை, கண் முன்னால் நேராக நிற்கிற வீட்டை, நேர் என்று நிரூபிக்க வக்கில்லாமல் போய்விட்டதே.

மனைவி படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். பிறகு, "அவங்க கோடு சாஞ்சிருந்தா, படத்தையும் அதே அளவு சாச்சு எடுத்துடுங்களேன்" என்றார்.

"கேமராவைச் சாய்க்கிறதா? முப்பது வருஷமா ஒரு படம்கூட நான் கோணலா எடுத்ததில்ல."

"முப்பது வருஷமா உங்களுக்குப் பேத்தியும் இருந்ததில்ல."

போட்டோக்காரர் கொத்தனாரைக் கூட்டிவந்தார். கொத்தனார் குண்டைத் தொங்கவிட்டு, நூலுக்கும் கேமரா ஸ்டாண்டின் காலுக்கும் நடுவே கணக்குப் பார்த்து, மூன்று டிகிரிக்கு ஒரு சாக்பீஸ் கோடு போட்டுக் கொடுத்தார். புதன்கிழமை காலை புதுப்படம் கடைசி மேசைக்குப் போனது. வீடு படத்தில் வலப்பக்கமாகச் சாய்ந்து, விழப்போகிற மாதிரி இருந்தது. கடைசி மேசைக்காரர் கண்ணாடியை வைத்தார். கோடு பொருந்தியது. "பச்சை" என்றார், நிமிர்ந்து பார்க்காமலே. "டைரக்டர் கையெழுத்துப் போட்டதும் வாங்கிக்கங்க."

இந்தச் செய்தி மைதானத்தில் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? மதியத்துக்குள் போட்டோக்காரர் கூடாரத்துக்கு முன்னால் வரிசை நின்றது. அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். முதலில் கொத்தனார் குண்டு விட்டுப் பார்க்க வேண்டும். கொத்தனார் சரி என்றால்தான் படம். இப்படி, துறை மூன்று வாரமாகச் செய்யாத வேலையைக் கொத்தனார் ஒரு நூலையும் ஒரு குண்டையும் வைத்துக்கொண்டு ஒரே நாளில் தெருத்தெருவாகச் செய்தார். நேராக நின்ற வீடுகளைப் போட்டோக்காரர் சாய்த்து எடுத்தார். மில்காரர் வீடு மட்டும் உண்மையாகவே சாய்ந்திருந்ததால், கேமராவை மறுபக்கம் திருப்பி, படத்தில் அந்த வீடு நிமிர்ந்து நிற்கிற மாதிரி எடுத்துக் கொடுத்தார். உடனே சிவப்பு விழுந்தது. மில்காரர் அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டு, கையெழுத்தாகும் முன்பே கூடாரத்துக்கு இடம் கேட்க ஓடினார்.

முந்நூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள் டைரக்டர் மேசையில் கட்டாக ஏறின. அவருக்குத் தலைகால் புரியவில்லை. துறையின் இடைவிடாத கண்காணிப்பால் ஊரில் வீடுகள் தாமாகவே நிமிரத் தொடங்கியிருப்பதாக ஓர் அறிக்கை வெளியிட்டார். அறிக்கையின் அட்டைக்கு அலுவலகத்தின் முன் எல்லோரும் நிற்கிற ஒரு படம் வேண்டும் என்று போட்டோக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"படம் வந்ததும் கட்டு மொத்தத்துக்கும் கையெழுத்து" என்றார். "உங்க சீட்டு மேலயே இருக்கு."

வியாழக்கிழமை மதியம் துறை முழுவதும் அலுவலக வாசலில் அணிவகுத்தது. எல்லாத் தலையும் ஒரு பக்கம். போட்டோக்காரர் பழக்கதோஷத்தில், "கொஞ்சம் தலையை நேரா வைங்க சார்" என்றார். "நேராத்தான் இருக்கு" என்று நாற்பது பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஒரு படம் எடுத்தார். டைரக்டர் வந்து கேமராவில் பார்த்தார். கட்டடம் உள்ளது உள்ளபடி, படத்திலும் வலப்பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"என்னய்யா இது? கட்டடம் கோணலா இருக்கு! எடுக்கத் தெரியாதா உனக்கு?"

"நான் கேமராவை நேராத்தான் வச்சேன் சார்."

"கேமரா எப்படி வேணா இருக்கட்டும். கட்டடம் நேராத் தெரியணும்."

கட்டடம் படத்தில் நேராகத் தெரிந்தால் என்ன ஆகும் என்பது போட்டோக்காரருக்குத் தெரியும். மில்காரர் வீட்டுக்கு ஆனதுதான் ஆகும். போட்டோக்காரர் நல்ல மனுஷர். அதனால் எச்சரித்தார்.

"சார், படத்துல கட்டடத்தை நிமிர்த்தினா, உங்க கண்ணாடிக்கு அது..."

"எனக்குப் பாடம் எடுக்கறியா? நிமிர்த்துன்னா நிமிர்த்து. எழுதித் தரட்டுமா?"

"எழுதியே குடுத்துடுங்க சார்" என்றார் போட்டோக்காரர். டைரக்டர் எழுதிக் கொடுத்தார்.

போட்டோக்காரர் கேமராவைச் சாய்த்தார். கட்டடம் படத்தில் கம்பீரமாக நிமிர்ந்தது. அதன் முன்னால் நாற்பது பேரும், காற்றில் பறந்துவிடப் போகிறவர்கள்போல், ஒரு பக்கமாக நின்றார்கள். டைரக்டர் கட்டடத்தை மட்டும் பார்த்துவிட்டு, "இப்பத்தான் சரி" என்றார்.

படத்தை அச்சிட்டு எடுத்துக்கொண்டு நேரே டைரக்டர் அறைக்குப் போகப் பார்த்தார் போட்டோக்காரர். முதல் மேசைக்காரர் மறித்தார். இந்த அலுவலகத்துக்குள் வருகிற எந்தத் தாளும் முதல் மேசையில் எண் வாங்காமல் நகரக் கூடாது. எண் போட்டார், ஒரு சுண்டு சுண்டினார். படம் வழுக்கிக்கொண்டு போய் முத்திரை வாங்கி, கடைசி மேசையில் போய் நின்றது. கடைசி மேசைக்காரர் கண்ணாடியை மேலே வைத்தார். "மூணு டிகிரி, இடப்பக்கம்" என்று முணுமுணுத்தார். ஒரு சிவப்புச் சீட்டை எழுதி, படத்தின் பின்னால் முதல் மேசை குறித்திருந்த முகவரியைப் பார்த்து நிரப்பி, கட்டோடு சேர்த்துக் கட்டி, மேலே அனுப்பினார். டைரக்டர் கட்டு மொத்தத்துக்கும் கையெழுத்துப் போட்டார். பாரபட்சம் வந்துவிடக் கூடாதே என்று ஒன்றையும் படிக்கவில்லை.

போட்டோக்காரர் தன் பச்சைச் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானும் போட்டுக்கொண்டார். படியிறங்கும்போது ஒரு பக்கமாகத் தள்ளாடினார். சந்தோஷத்திலா, தரை சரிவிலா என்று அவருக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோ கிளம்பியது. பின்னால் மனைவி, மகள், மகள் மடியில் குழந்தை. முன்னால் டிரைவரோடு போட்டோக்காரர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அலுவலகத்துக்கு எதிரே தெரு அடைபட்டிருந்தது. துறை முழுவதும் வெளியே நின்றது. கதவில் சிவப்புச் சீட்டு பளிச்சென்று ஒட்டியிருந்தது. ஒட்டிய அளவையர் முக்காலியோடு பக்கத்திலேயே காவல் நின்றார்.

"கிழிய்யா அதை!" என்று கத்தினார் டைரக்டர்.

"கிழிச்சா வழக்கு சார். உங்க கையெழுத்து இருக்கு."

"அப்ப ரத்து பண்ணுங்க!"

"ரத்து முத்திரை உள்ள இருக்கு சார்" என்றார் கடைசி மேசைக்காரர். "சிவப்பு விழுந்த கட்டடத்துக்குள்ள யாரும் போகக் கூடாது."

"அந்த விதியை மாத்துங்க!"

"விதிப்புத்தகமும் உள்ளதான் சார் இருக்கு."

டைரக்டரின் கண் ஆட்டோவில் இருந்த போட்டோக்காரர்மேல் விழுந்தது. ஓடி வந்தார். வெளித்தரையில் நடந்து பழக்கம் விட்டுப்போனதால் கொஞ்சம் தள்ளாடினார். "தம்பி, உடனே ஒரு மேல்முறையீட்டுப் படம் எடு. எல்லார் வீட்டையும் எடுத்தியே, அப்படியே எடு."

"எடுக்கறேன் சார். ஆனா கொத்தனார் முதல்ல குண்டு விட்டுப் பாக்கணும். எல்லாருக்கும் அதுதான் முறை."

கொத்தனாரும் கூட்டத்தில்தான் இருந்தார். யாரும் கூப்பிடாமலே வந்து, அலுவலகத்தின் முன்மூலையில் வெளியே ஏணி போட்டு ஏறி, மொட்டைமாடி விளிம்பிலிருந்து நூலை இறக்கினார். குண்டு ஆடியது, மெல்ல நின்றது. மேலே சுவரைத் தொட்டுக்கொண்டிருந்த நூல், கீழே வரும்போது சுவரை விட்டு இரண்டு முழம் தள்ளி நின்றது. நூலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் தாராளமாக நிற்கலாம்.

டைரக்டர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார், நூலைச் சுற்றி வந்து பார்த்தார். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"குண்டு சாஞ்சிருக்கு."

நாற்பது தலைகளும் ஆமாம் என்று ஆடின.

கொத்தனார் நூலைச் சுற்றிக்கொண்டார். அளவையர் துறையினரை வரிசையாகப் பள்ளி மைதானத்துக்கு அழைத்துப் போனார். அங்கே அன்று காலையில்தான் முந்நூறு கூடாரம் காலியாகியிருந்தது. டைரக்டருக்குக் கிடைத்தது போட்டோக்காரரின் கூடாரம்.

"பக்கெட்டை அங்கயே விட்டுட்டு வந்துட்டேன்" என்றார் மனைவி ஆட்டோவிலிருந்து. "பாவம், அவருக்கு வேணும்ல."

வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் துணி விரித்துக் குழந்தையைக் கிடத்தினார்கள். தரை அசையவில்லை, கூரை ஒழுகவில்லை. மகள் சுவரில் சாய்ந்துகொண்டு, மூன்று வாரத்துக்குப் பிறகு கண்ணை மூடினாள். போட்டோக்காரர் கேமராவை எடுத்தார். ஸ்டாண்டின் காலில் சாக்பீஸ் கோடு இன்னும் இருந்தது. வேட்டி நுனியால் அதைத் துடைத்து அழித்தார். குழந்தை கழுத்து நிற்காமல் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு தூங்கியது.

"என்னங்க, தலையைக் கொஞ்சம் நேரா வச்சு எடுங்க" என்றார் மனைவி.

"வேணாம். அவ எப்படி இருக்காளோ அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, போட்டோக்காரர் கேமராவை நேராகப் பிடித்து ஒரு படம் எடுத்தார்.